கோட்டுக்காரன் கல்யாணம்

அந்தப் பையக் கீழ வைங்க தம்பி, ஒண்ணும் ஓடிப் போயிறாது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல இருந்து பாத்துக்கிட்டே வாரேன், சளி பிடிச்ச பச்சப்புள்ளய வச்சிருக்க மாதிரி அதக் கட்டிப் பிடிச்சுட்டே உக்காந்திருக்கீங்க. இந்தா, இப்படி. ஒரு கை மேல, ஒரு கை கீழ, தாடை பை மேல. சரியா இருக்கா? பின் சீட்டு அக்கா சிரிக்குது பாருங்க. கோவிச்சுக்காதீங்க. நமக்குத் தொழிலே அது. ஒரு ஆள ரெண்டு நிமிசம் பாத்தேன்னா போதும், எனக்குள்ள ஏறி உக்காந்துக்கிருவாரு. வெளிய எடுத்து விடலைன்னா எனக்குச் சோறு இறங்காது.

மைக் கனகராசுன்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? இல்லையா? அப்ப நீங்க வெளியூரு. திண்டுக்கல்ல எந்தத் தெருவுல வேணா போய்க் கேளுங்க. கோயில் விசேசம், காதுகுத்து, கடைத் திறப்பு, எலெக்சன் ஆட்டோ, எல்லாத்துக்கும் நம்ம குரலுதான். பலகுரல். ஆடு, மாடு, மந்திரி, எல்லாம் பண்ணுவேன்.

உள்ளதச் சொல்லணும்னா, அத்தன சீட்டு காலியாக் கெடக்க உங்க பக்கத்துல வந்து உக்காந்ததே அந்த ஜாக்கெட்டுக்குத்தான். தோலா, ரெக்சினா? தொட்டுப் பாத்துக்கிறேன். ஆங், தோலேதான். வத்தலக்குண்டு வெயில்ல தோலப் போட்டுட்டு உக்காந்திருக்கீங்களே, மேல கொடைக்கானல் போய்ப் போட்டுக்கிட்டா ஆகாதா? மடிச்சு வச்சா வரி விழுந்துருமா? அடேயப்பா. இதே பதிலத்தான் அவனும் சொல்லுவான்.

அவன்னா லூர்து. லூர்துசாமி. இன்னைக்கு அவனுக்குத்தான் மேல கல்யாணம். காலையில சர்ச்சுல தாலி கட்டிருப்பான், மத்தியானம் மண்டபத்துல சாப்பாடு. நான் அங்கதான் போய்க்கிட்டிருக்கேன். பத்திரிக்கை வைக்கல. போனும் பண்ணல. ஒண்ணாங்கிளாசுல இருந்து ஒரே பெஞ்சு தம்பி நாங்க. எவனோ வாட்சப்புல ஸ்டேட்டஸ் வச்சிருக்கான், அதப் பாத்து நான் தெரிஞ்சுக்கிடுறேன். கோட்டு, தொப்பி, பூட்ஸு எல்லாம் மாட்டிக்கிட்டுப் பொண்ணு பக்கத்துல நிக்கிறான். எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க.

அதான் சொல்லாம கொள்ளாமப் போறேன். மண்டபத்துல மைக் செட்டு கட்டுற பய நமக்கு வேண்டியவன். பந்தி நடக்கயில அஞ்சு நிமிசம் மைக்கக் குடுக்குறேன்னுருக்கான். அது போதும். என் பலகுரல்ல அவன வச்சு 'கோட்டுக்காரன்'னு ஒரு ஐட்டம், அம்புட்டு நேரந்தான். மேல ஒரு ஆளும் அதக் கேட்டதில்ல. பொண்ணு கேட்டதில்ல, பொண்ணு வீட்டுக்காரங்க கேட்டதில்ல. நெனச்சாலே எனக்கு இங்கன கூசுது. புதுக் கூட்டத்துக்கு முன்னாடி பழைய ஐட்டம் போடுறதுல ஒரு சுகம் இருக்கு, அது உங்களுக்குப் புரியாது.

ஆரம்பத்துல இருந்து சொல்றேன். காட்ரோடு தாண்டி மலை ஏற இன்னும் நேரம் கெடக்கு.

தோல் பதம் பண்ற எடத்த எங்க ஊர்ல தோல் ஷாப்பும்போம். ஆட்டுத் தோலு, மாட்டுத் தோலு லாரியில வந்து இறங்கும். சுண்ணாம்புத் தொட்டியில ஊறப் போட்டு, முடிய வழிச்சு, பதம் பண்ணி, கப்பல்ல ஏத்தி வெளிநாட்டுக்கு விட்ருவாங்க. லூர்து அப்பா ஆரோக்கியம் அந்தத் தொட்டியில நிப்பாரு. தொட்டின்னா வாளி மாதிரி நெனச்சுக்காதீங்க, குழி. காலையில இறங்குனா சாயங்காலந்தான் ஏறுவாரு. எங்கப்பா அதே ஷாப்புல கணக்கு. மூக்குல கர்ச்சீப்பக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பாரு. ஆரோக்கியம் வந்து எதுக்க நின்னாருன்னா எங்கப்பா தலையத் தூக்க மாட்டாரு, மூக்க மட்டும் ரெண்டு தடவ இழுப்பாரு. ஸ்ம், ஸ்ம். "ஆரோக்கியமா, அங்கனயே நில்லு"ம்பாரு. பாக்காமலே ஆளச் சொல்லிருவாரு. எங்கப்பாவும் ஒரு ஆர்ட்டிஸ்டுதான், மேடை கெடைக்கல.

ஸ்கூல்ல ஒரு நா லூர்து உள்ள வாரான். நான் சும்மா எங்கப்பா மாதிரி மூக்க இழுத்தேன். ஸ்ம், ஸ்ம். ஒரு வார்த்தை பேசல தம்பி, வெறும் மூக்குதான். கிளாஸே விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. டீச்சரம்மா போர்டுப் பக்கம் திரும்பிக்கிட்டு சிரிக்குது, முதுகு குலுங்குறது தெரியுது. அதுதான் என் மொத மேடை. அந்த வகையில லூர்துக்கு நான் கடமைப்பட்டவன், இல்லைங்கல.

சாதி கீதின்னு நெனச்சுராதீங்க. அதெல்லாம் நாங்க பாக்குற ஆளே கெடையாது. டீக்கடையில அவனும் நானும் ஒரே பெஞ்சுல உக்காந்து டீ குடிப்போம். வீட்டுக்கா? வீட்டுக்கு எதுக்கு வரணும், அதான் டீக்கடை இருக்குல்ல.

வளந்து அவன் பைக் சீட்டுக்குக் கவர் தைக்கிற கடை போட்டான். நாள் முழுக்க ரெக்சினு. ஆனா ஆசை பூராம் தோலு மேல. கொடைக்கானல்ல வெளிநாட்டுப் பழைய துணி மூட்டையா வந்து இறங்கும்ல, அதக் குவிச்சுப் போட்டு விப்பாய்ங்க. அங்க போய்க் கிளறுவான். எவனோ வெள்ளக்காரன் போட்டுத் தேஞ்ச கோட்டு, குதி போன பூட்ஸு, பூச்சி அரிச்ச தொப்பி. பொறுக்கிட்டு வந்து, துடைச்சு, எண்ணெ போட்டு, கிழிசலத் தச்சு, சாமி படம் மாதிரி மாட்டி வச்சிருப்பான். காலர்ல கம்பளி முடி வச்ச கோட்டு ஒண்ணு இருந்துச்சு, ஏரோப்ளேன் ஓட்டுறவன் போடுறதாம். அதப் போட்டுக்கிட்டு சித்திர வெயில்ல, பேகம்பூர்ல இருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடப்பான் பாருங்க. வேர்வை தாடையில இருந்து சொட்டும். கழட்ட மாட்டான்.

மொதல்ல அவன் என்ன சொன்னான் தெரியுமா? "கனகு, புதுசா ஒரு லெதர் ஜாக்கெட் எடுத்திருக்கேன்"னான். எங்க ஊர்ல ஜாக்கெட்டுன்னா பொம்பளைங்க சேலைக்குப் போடுறது தம்பி. விடுவமா? "ஜாக்கெட்டு சரி மாப்ள, சேலை எந்தக் கடையில எடுத்த"ன்னேன். டீக்கடை அதிந்துருச்சு. அன்னையில இருந்து அவன் ஜாக்கெட்டுங்குறத விட்டுட்டான், கோட்டுன்னுதான் சொல்லுவான். ஊரும் கோட்டுக்காரன்னு பேரு வச்சிருச்சு. நான்தான் வச்சேன், ஊருன்னு சொல்லிக்கிறது.

ஐட்டம் இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு. பூட்ஸுக்கு நாக்கு. டொக், டொக், டொக். கேக்குதா? கண்டக்டர் திரும்பிப் பாக்குறாரு பாருங்க, யாரோ நடந்து வாராங்கன்னு நெனச்சுட்டாரு. கோட்டு உரசுறதுக்குப் பல்லு. கிறீச், கிறீச். தொப்பியத் தூக்கி வணக்கம் சொல்றது. மேடையில போட்டேன், நல்லாப் போச்சு. லூர்து கூட முன்னாடி நின்னு பாத்துட்டு, "பூட்ஸு சத்தம் இன்னும் கனமா வரணும்டா"ன்னுட்டுப் போனான். அவனுக்குச் சந்தோசம்தான். தப்பாவே எடுத்துக்கிட்டதில்ல.

ஆனா ஐட்டத்துக்கு ஒரு முடிவு வேணும். முடிவு இல்லாமக் கெடந்துச்சு. சிரிப்பு மேல போய் நிக்கும், கைதட்டலா மாறாது.

அப்பத்தான் ஆரோக்கியம் செத்துப் போனாரு. நெஞ்சுச் சளி, அந்தக் குழியில நின்னவங்க எல்லாருக்கும் வர்றதுதான். கொஞ்ச நாள் கழிச்சு ஒரு மழைக்கு லூர்து கடையில ஒதுங்குனேன். வேற யாரும் இல்ல. அவன் அந்த ஏரோப்ளேன் கோட்ட மடியில வச்சிருக்கான். உள் துணியப் புரட்டுறான், காலர் கிட்ட மூக்க வைக்கிறான். என்னடா பண்றன்னேன். காலர்ல இருந்து மூக்க எடுத்தான். அப்புறம் சொன்னான்.

"எங்கப்பன் கழுவுன தோலு எல்லாம் கப்பல்ல போச்சு கனகு. அவரு ஒரு செருப்பு கூடத் தோல்ல போட்டதில்ல. இந்தக் கோட்டெல்லாம் அங்க இருந்துதான வருது. ஒண்ணாவது அவரு கைப்பட்டதா இருக்கும்ல. போட்டுக்கிட்டா கூட இருக்க மாதிரி இருக்கு."

எனக்கே கண்ணு கலங்கிருச்சு தம்பி, சத்தியமா. அவன் தோளப் பிடிச்சு அமுக்கினேன். அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, முடிவு கெடைச்சிருச்சுன்னு.

அந்த வருசம் எங்க தெரு விசேசம். நல்ல கூட்டம். நானே போய் லூர்தக் கூப்பிட்டேன். வாடா, அம்மாவையும் கூட்டிட்டு வா, முன் வரிசையில உக்காத்தி வைக்கிறேன்னேன். அவனுக்கு அம்புட்டுப் பூரிப்பு. எங்க தெருவுல முன் வரிசையில அவன எவன் உக்கார வச்சான்? அந்தம்மா சந்தனமேரி புதுச்சேலை கட்டி வந்து உக்காந்துச்சு. இவன் ஏரோப்ளேன் கோட்டு, தொப்பி.

நடந்து காமிச்சேன். கிறீச் பண்ணேன். அந்த ஜாக்கெட்டு சேலை ஜோக்கப் போட்டேன். கூட்டம் உருளுது. அப்புறம் மெதுவா கோட்டக் கழட்டி, மடியில போட்டு, காலர்கிட்ட மூக்கக் கொண்டு போறேன். ஸ்ம், ஸ்ம். லைட்டு எல்லாம் என் மேல. கூட்டம் கப்சிப்னு இருக்கு. நான் லூர்து குரல்ல, தழுதழுன்னு கேக்குறேன்.

"அப்பா... நீங்களா?"

அப்புறம் வந்துச்சு பாருங்க சிரிப்பு. பந்தல் பிஞ்சிரும் போல. நான் விடல. அந்தக் கோட்டத் தூக்கி எறிஞ்சேன், இன்னொண்ண எடுத்தேன், மோந்தேன். "இல்ல, இது வேற எவன் அப்பனோ." சேருல இருந்து ஆளுக விழுகுறாய்ங்க. அம்புட்டுப் பேரும் திரும்பி முன் வரிசையப் பாக்குறாய்ங்க. லூர்தும் சிரிச்சான் தம்பி. நான் மேல இருந்து பாத்தேன்ல, வாய் சிரிச்சுச்சு. அந்தம்மாதான் எந்திரிச்சுப் போயிருச்சு. வயசானவங்க, மூத்திரம் வந்திருக்கும்.

இந்தா, மலை ஏறுது. கம்பியப் பிடிச்சுக்கங்க. வாந்தி கீந்தி வந்தா சொல்லிருங்க, அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்.

மறுநாள்ல இருந்து ஊர்ல அதே பேச்சு. லூர்து தெருவுல வந்தான்னா பொடிப்பயலுக லைட்டுக் கம்பத்தக் கட்டிப் பிடிச்சு "அப்பா, நீங்களா"ம்பாய்ங்க. சீட்டுக் கவர் மாட்ட வந்தவன் சீட்டத் தடவிட்டு "அப்பா, நீங்களா"ம்பான். ஒரு நா கறிக்கடைக்கு ஆடு ஒண்ணு போகுது. ஒரு வாலுப்பய முட்டி போட்டு அது மூஞ்சியப் பிடிச்சுக்கிட்டுக் கேக்குறான், "அப்பா, நீங்களா?" அதுக்கு அந்த ஆடு சரியா அந்த நேரம் பாத்து, "ம்ம்மே."

சிரிச்சுட்டீங்க. சிரிங்க, சிரிங்க. நானே ரோட்டுல உக்காந்துட்டேன் அன்னைக்கு.

அவன் கோட்டுப் போடுறத நிப்பாட்டிட்டான். அதோட முடியுமா? போடாம வந்தாலும் கேப்பாய்ங்க, "என்ன மாப்ள, அப்பா வரலையா?" விடுவாய்ங்களா எங்க ஊர்ல.

ஒரு நா எங்க வீட்டு வாசலுக்கே வந்துட்டான். அதுதான் மொதத் தடவ. வெறும் சட்டை, ரப்பர் செருப்பு. எனக்கு ஆளு சட்டுன்னு அடையாளம் தெரியல, சின்னதா இருந்தான். வாசப்படிக்குக் கீழயே நின்னான். நானும் உள்ள வான்னு சொல்ற மாதிரிதான் இருந்தேன், அதுக்குள்ள பேச ஆரம்பிச்சுட்டான். என் சம்சாரம் பரிமளா பேப்பர் கப்புல தண்ணி கொண்டாந்து வச்சா. டம்ளர் எல்லாம் கழுவாமக் கெடந்துச்சு போல, வேற ஒண்ணுமில்ல.

"நடைய பண்ணிக்க. தொப்பிய பண்ணிக்க. எனக்கு வருத்தம் இல்ல. எங்கப்பன மட்டும் விட்ரு."

தம்பி, நீங்க அந்தக் குரலக் கேக்கணும். 'எங்கப்பன'ங்குற எடத்துல லேசா உடைஞ்சுச்சு, 'விட்ரு'வுல காத்துதான் வந்துச்சு. எனக்கு வாய் நிக்கல. வேணும்னு செய்யல, தானா வந்துருச்சு. அவன் முன்னாடியே, அதே குரல்ல, அதே உடைசலோட, "எங்கப்பன மட்டும் விட்ரு"ன்னுட்டேன். அச்சு அசல். உள்ள பரிமளா, அவன்தான் ரெண்டாவது தடவ பேசுறான்னு நெனச்சுக்கிட்டாளாம்.

அவன் என்னையவே பாத்துக்கிட்டு நின்னான். தண்ணியக் குடிக்கல. போயிட்டான்.

அதையும் ஐட்டத்துல சேத்துக்கிட்டேன். கடைசியில வைக்கிறேன். "அப்பா, நீங்களா" முடிஞ்சு சிரிப்பு அடங்குற நேரத்துல "எங்கப்பன மட்டும் விட்ரு"ன்னு போட்டா, இன்னொரு ரவுண்டு எந்திரிக்கும். கை தட்டு வாங்குற வரிய எப்படித் தம்பி விடுறது? நீங்களே சொல்லுங்க.

அந்த வரிய மேடையில போட்ட மறுவாரமே லூர்து கோட்டு பூட்ஸ எல்லாம் அரிசிச் சாக்குல கட்டிக்கிட்டு, அம்மாவக் கூட்டிக்கிட்டு, கொடைக்கானலுக்கு ஏறிட்டான். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.

இப்ப யாருக்கு நட்டம்? எனக்குத்தான். அவன் போனதுக்கு அப்புறம் ஐட்டம் எடுபடல. அதே நடை, அதே மூக்கு, அதே வரி. ஆளுக சும்மா உக்காந்திருக்காய்ங்க. ரொம்ப நாள் கழிச்சுத்தான் எனக்கு விளங்குச்சு. கூட்டம் என்னையப் பாத்துச் சிரிக்கலை தம்பி. அவன் மூஞ்சியப் பாத்துச் சிரிச்சிருக்கு. ஆளு எதுக்க இல்லைன்னா ஐட்டம் செத்துரும். இப்பல்லாம் விசேசத்துக்குக் கூப்பிட்டா அறிவிப்பு மட்டும் பண்ணுங்கண்ணே, பலகுரல் வேணாம்ங்குறாய்ங்க. ஒரு கலைஞன் பொழப்ப இப்படிக் கெடுத்துட்டுப் போகலாமா? அதத்தான் நான் கேக்குறேன்.

அவன் நல்லாத்தான் இருக்கான். ஏரிப் பக்கம் கடை போட்டிருக்கான். கோட்டு, தொப்பி, பூட்ஸு. குளிருற ஊரு, எவன் கேள்வி கேக்கப் போறான்? டூரிஸ்டுக அவன் கூட நின்னு போட்டோ எடுக்குதாம். சாருன்னு கூப்பிடுறாய்ங்களாம். 'ஆரோக்கியம் லெதர்ஸ்'னு போர்டு. அப்பன் பேர ஊரெல்லாம் பரப்பிவிட்டதே நான்தான், அதுக்கு ஒரு நன்றி கெடையாது. பக்கத்துல கம்பளிக் குல்லா விக்கிற பொண்ணு கிரேசி, அதத்தான் கட்டியிருக்கான். நாப்பது வயசுல. பொண்ணு வீட்ல அப்பா என்ன செஞ்சாருன்னு கேட்டதுக்கு, தோல் பிசினஸ்ல இருந்தாருன்னானாம். பொய்யில்ல தம்பி, பிசினஸ்லதான் இருந்தாரு. இடுப்பளவு.

பாத்தீங்களா, திரும்பவும் சிரிச்சுட்டீங்க. வாயப் பொத்துறீங்க, ஆனா தோள்பட்ட குலுங்குதே.

பரிமளா காலையில என்ன சொன்னான்னா, "அந்த மனுசன் நம்ம வாசல் வரைக்கும் வந்து கேட்டுட்டுப் போனாரு"ன்னா. அதுக்கு என்னடி இப்பன்னேன். என் மேடைச் சட்டைய ஒளிச்சு வச்சுட்டா. அதான் இந்தப் பழைய சட்டையோட வந்திருக்கேன். பொம்பளைங்களுக்குக் கலை தெரியாது.

பெருமாள் மலை வந்துருச்சு, இனி பக்கந்தான். பனி இறங்குது பாருங்க. தம்பி, இப்பத்தான் விசயத்துக்கு வாரேன். தொப்பி என் பையில இருக்கு. பூட்ஸுக்கு நாக்கு இருக்கு. கோட்டுதான் இல்ல. என்கிட்ட இருந்தது ரெக்சினு, அக்குள் கிழிஞ்சு போச்சு. உங்க ஜாக்கெட்ட ஒரு அரை மணி நேரம் குடுங்க. ஒண்ணும் ஆகாது, பத்திரமாத் தந்துர்றேன்.

ஏன், என்ன யோசனை? குளிருதா? ஜிப்ப மேல இழுக்குறீங்க. பாவம் பாக்குறீங்களோ? நல்ல கதையா இருக்கே. ஆட்டுக்குச் சிரிச்சீங்க. இடுப்பளவுக்குச் சிரிச்சீங்க. அவன யாருன்னே உங்களுக்குத் தெரியாது, உங்களுக்கே அடக்க முடியல. அப்ப அங்க இருக்கிற ஜனத்துக்கு எப்படி இருக்கும்? ஏம்க்கா, பின் சீட்டு அக்கா, நீங்க சொல்லுங்க, தம்பி சிரிச்சாரா இல்லையா? பாத்தீங்களா. பஸ்ஸே சாட்சி.

அப்படிக் குடுங்க. தங்கமான புள்ள. கை கொஞ்சம் பிடிக்குது, பரவால்ல. இந்தா, ஜன்னல் கண்ணாடியில பாருங்க, எப்படி இருக்கேன்? லூர்து மாதிரி இல்லைல்ல, எங்கப்பா மாதிரி இருக்கேன். எல்லாம் அந்த மூக்கு.

ஸ்ம், ஸ்ம். உங்க வாசனைதான் வருது தம்பி. சென்ட்டுப் போட்டிருக்கீங்க, அதுக்கு அடியில லேசா பயந்த வேர்வை.

வாங்க, பஸ் நிக்கப் போகுது. சாப்பாடும் நல்லாப் போடுவாய்ங்க. ஜாக்கெட்டு இல்லாம இந்தப் பனியில எங்கிட்டுப் போவீங்க? என் கூடவே வாங்க. வரும்போது அந்தப் பைய மறக்காமக் கட்டிப் பிடிச்சுக்கங்க, அப்படியே, அதே மாதிரி. முன் வரிசையில உக்காத்தி வைக்கிறேன்.